ஜாக் வோரல்: களத்துக்கு வெளியே நின்று அணியை ஆட்டுவித்தவர்

கேட்கப்பட்டவை மூன்று. ஆஸ்திரேலியக் கால்பந்தின் ஆரம்ப காலத்தில் வீரராக இருந்து பயிற்சியாளராக மாறியவர்களில் யாரை முதலில் படிக்க வேண்டும்? அது ஜாக் வோரல் என்றால், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பட்டம் வாங்கிக் கொடுத்தவரை அவருடைய கிளப் அடுத்த ஆண்டே ஏன் இழந்தது? கிரிக்கெட் வரலாற்றில் ‘பாடிலைன்’ (ஆட்டக்காரரின் உடலைக் குறிவைத்துப் பந்துவீசும் முறை) என்ற சொல்லோடு வருகிற வோரலும் இவரும் ஒருவர்தானா?

முதல் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். ஜாக் வோரல்தான். மற்ற இரண்டுக்கும் அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் சுற்றி வந்துதான் பதில் சொல்ல முடியும். ஏனென்றால் அவர் பட்டம் வாங்கிக் கொடுத்த கார்ல்டன் கிளப்பில் நடந்த பிளவின் விதை அவருடைய கிரிக்கெட் நாட்களிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு நாலு வரி. நீள்வட்ட மைதானம், ரக்பி பந்தைப் போல நீண்ட பந்து, பக்கத்துக்கு 18 பேர். ஆஃப்சைடு கிடையாது, பந்தை உதைக்கலாம், கையால் குத்தித் தள்ளலாம், எறியக் கூடாது. உதைத்து வரும் பந்தைக் காற்றிலேயே பிடித்தால் அது ‘மார்க்’. பிடித்தவர் இடையூறின்றி உதைக்கலாம். இரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போனால் ‘பிஹைண்ட்’, 1 புள்ளி. அதனால்தான் ஸ்கோரை 15.4 (94) என்று எழுதுகிறார்கள்: 15 கோல், 4 பிஹைண்ட், மொத்தம் 94. இந்தக் கணக்கு நினைவிலிருந்தால் பின்னால் வரும் எண்கள் தாமே பேசும்.

1859இல் மெல்போர்னில் விதிகள் எழுதப்பட்ட ஆட்டம் இது. முதல் நாற்பது ஆண்டுகளுக்குப் ‘பயிற்சியாளர்’ என்று ஒரு ஆள் இருக்கவில்லை. யார் எங்கே நிற்பது என்பதைக் களத்தில் நின்றபடி கேப்டன் முடிவு செய்தார். கிளப் கமிட்டி அணியைத் தேர்ந்தெடுத்தது. உடம்பு பிடித்துவிட, காயத்துக்குக் கட்டுப் போட ஒரு ஆள் இருந்தார். ஆடாத ஒருவர் ஆடுபவர்களுக்குச் சொல்லித்தரலாம், அவர்களைக் கட்டுப்படுத்தலாம், யார் தேவை, யார் தேவையில்லை என்று தீர்மானிக்கலாம் என்ற எண்ணமே அன்றைக்குப் புதிது. அந்த நாற்காலியை உண்டாக்கி அதில் முதலில் உட்கார்ந்தவராக வோரலைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

அவர் 1861இல் விக்டோரியாவின் தங்கவயல் பகுதியில், மேரிபரோ ஊருக்கு அருகே பிறந்தார். பல்லாரட்டில் சவுத் பல்லாரட் கிளப்புக்கு ஆடிவிட்டு 1884இல் மெல்போர்னின் ஃபிட்ஸ்ராய் கிளப்புக்கு வந்தார். ஃபிட்ஸ்ராய் விக்டோரியக் கால்பந்துச் சங்கத்தில் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். கிளப்பும் அவரும் சேர்ந்தே வளர்ந்தார்கள் என்று சொல்லலாம். 1892 வரை அங்கே ஆடினார், பெரும்பகுதி கேப்டனாக.

அவருடைய இடம் ரோவர். உயரமான ஆட்கள் குதித்துத் தட்டிவிடும் பந்து தரையில் விழுமுன்னே அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடுகிறவர் ரோவர். குள்ளமும் கட்டுடலுமாக இருந்த வோரலுக்கு அளந்து தைத்த சட்டை மாதிரியான வேலை அது. அன்றைய பத்திரிகைகள் ஒவ்வொரு பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரைக் ‘காலனியின் சாம்பியன்’ என்று அறிவிக்கும். 1887இலும் 1890இலும் அந்தப் பெயர் வோரலுக்குக் கிடைத்தது. இடையில் 1888 பருவத்தில் அவர் கால்பந்தே ஆடவில்லை. ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போயிருந்தார்.

அந்தக் காலத்தில் ஒரே மனிதர் குளிர்காலத்தில் கால்பந்தும் கோடையில் கிரிக்கெட்டும் ஆடுவது சாதாரணம். இரண்டிலும் உச்சத்துக்குப் போனவர்கள் குறைவு. வோரல் 11 டெஸ்ட்களில் 478 ஓட்டங்கள் எடுத்தார். அந்த எண்களைவிட அவர் டெஸ்டுக்குள் நுழைந்த விதமும், ஆடிய ஒரு இன்னிங்ஸும்தான் அவரைக் காட்டுகின்றன.

நுழைந்தது 1885 புத்தாண்டு நாளில், மெல்போர்னில். அடிலெய்டில் நடந்த முதல் டெஸ்டில் ஆடிய ஆஸ்திரேலிய வீரர்கள் நுழைவுக் கட்டண வசூலில் பாதிப் பங்கு கேட்டார்கள். கொடுக்கவில்லை. ஆட மாட்டோம் என்றார்கள். பதினொரு பேரையும் மாற்றி, இரண்டாவது டெஸ்டுக்குப் புத்தம் புதிய அணி களமிறக்கப்பட்டது. அதில் ஒருவராகத்தான் வோரல் முதல் டெஸ்ட் ஆடினார். ஆஸ்திரேலியா 10 விக்கெட்டில் தோற்றது. வசூல் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற சண்டையில் பிறந்தது அவருடைய டெஸ்ட் வாழ்க்கை. அதே சண்டை இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துக் கார்ல்டனில் அவர் எதிரிலேயே வந்து நின்றது. இந்த ஒற்றுமையை நான் வலிந்து சொல்லவில்லை. கீழே படிக்கும்போது நீங்களே பார்ப்பீர்கள்.

இன்னிங்ஸ் என்றது 1899, ஹெடிங்லி. அந்த மைதானத்தில் நடந்த முதல் டெஸ்ட் அது. ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 172க்குச் சுருண்டது. தொடக்க ஆட்டக்காரரான வோரல் மட்டும் 76. ஒருபுறம் விக்கெட்டுகள் விழ, மறுபுறம் முப்பத்தெட்டு வயதுக்காரர் பந்தை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அவரை எந்தப் பந்துவீச்சாளரும் வீழ்த்தவில்லை, ரன் அவுட் ஆனார். அவருடைய டெஸ்ட் வாழ்க்கையின் அதிகபட்ச ஸ்கோர் அதுதான். கிளப் கிரிக்கெட்டிலோ கணக்கே வேறு. 1896இல் கார்ல்டன் கிரிக்கெட் கிளப்புக்காக ஒரே இன்னிங்ஸில் 417 ஓட்டங்கள் குவித்தார். கார்ல்டன் என்ற பெயர் அவர் வாழ்க்கையில் முதலில் கிரிக்கெட் வழியாகத்தான் வந்தது.

அவருடைய முதல்தரக் கிரிக்கெட் முடிந்த விதம் வலி தருவது. விக்டோரியா அணியில் ஜாக் சாண்டர்ஸ் என்று ஒரு இடதுகைப் பந்துவீச்சாளர் இருந்தார், சொந்த அணிக்காரர். அவர் பந்தை வீசுவதில்லை, எறிகிறார் என்று வோரல் ஒரு கடிதத்தில் எழுதினார். அது வெளியே தெரிந்துபோயிற்று. தன் அணியின் பந்துவீச்சாளரையே காட்டிக்கொடுத்தவர் என்று பெயர் வந்தது. 1901–02 பருவத்தோடு அவருடைய முதல்தரக் கிரிக்கெட் முடிந்தது. சாண்டர்ஸின் கை மடங்கியதா இல்லையா என்பது இன்றுவரை தீராத வாதம். வோரல் பொறாமையால் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. தப்பு என்று பட்டதை எதிரே இருப்பவர் யார் என்று பார்க்காமல் சொல்லிவிடுகிற மனிதர் அவர். நட்புக்கு இந்தக் குணம் உதவாது. தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு கிளப்பைத் தூக்கி நிறுத்துவதற்கு உதவியது.

அப்படி ஒரு கிளப் கையருகே இருந்தது. கார்ல்டன் 1870களில் பெரும் பெயர் வாங்கிய கிளப். ஆனால் 1897இல் எட்டு கிளப்கள் பிரிந்துபோய் விக்டோரியக் கால்பந்து லீக்கைத் தொடங்கியபோது அது தேய்ந்து போயிருந்தது. நல்ல சொந்த மைதானம்கூட அதற்கு அந்த ஆண்டுதான் பிரின்சஸ் பார்க்கில் அமைந்தது. முதல் ஐந்து பருவங்களிலும் எட்டு அணிகளில் ஆறாவது இடத்துக்கு மேல் ஏறவில்லை. 1902இல் வோரல் அதன் செயலாளரானார்.

‘செயலாளர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பயிற்சியாளர் என்று ஒரு பதவியே இல்லாததால் அவர் அலுவலகத்தின் வழியாக உள்ளே போனார். கணக்கு, கடிதம், உறுப்பினர் சந்தா எல்லாம் செயலாளரின் வேலை. அதோடு ஆட்களைத் தேடிப் பிடிப்பது, பயிற்சி கொடுப்பது, அணியை வகுப்பது என்று ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தது. கமிட்டி, கேப்டன், செயலாளர் என்று மூன்று இடத்தில் சிதறிக் கிடந்த அதிகாரம் ஒரு மனிதரிடம் சேர்ந்தது. இன்றைக்கு எந்தக் குழு விளையாட்டிலும் தலைமைப் பயிற்சியாளர் என்றால் நாம் இதைத்தான் எதிர்பார்க்கிறோம். 1902இல் அப்படிக் கேட்டிருந்தால் கேப்டன்கள் சிரித்திருப்பார்கள்.

அவர் செய்தவற்றில் முதன்மையானது ஆள் தேடல். பிற கிளப்களில் ஆடியவர்களையும் நாட்டுப்புற ஊர்க்காரர்களையும் ஒருங்கே கொண்டுவந்தார். ஜீலாங்கிலிருந்து வந்த ஜிம் ஃப்ளின் பின்னாளில் கேப்டனானார். ஃபிட்ஸ்ராயில் பட்டம் வென்றிருந்த மிக் கிரேஸ் வந்தார்; 1906இல் 50 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தவர் அவர். நார்மன் கிளார்க் வந்தார். ஸ்டாவெல் ஊரில் ஈஸ்டர் நாட்களில் நடக்கும் புகழ்பெற்ற பரிசு ஓட்டத்தில் 1899இல் வென்ற ஓட்டக்காரர். ‘பாம்பி’ என்று எல்லோரும் கூப்பிட்ட ஃபிரெட் எலியட் ஏற்கெனவே அங்கே இருந்தார். நடுக்களத்தில் ஜார்ஜ் புரூஸ், ராட் மெக்கிரெகர், டெட் கென்னடி என்று மூவர் வரிசையாக அமைந்தார்கள். அந்த மூன்று பெயரையும் கார்ல்டன் பற்றாளர்கள் இன்றும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

இரண்டாவது, ஆட்டமுறை. அதே 1902இல் காலிங்வுட் கிளப் தாழ்வான, குறுகிய, துல்லியமான ஒரு உதையைக் கண்டுபிடித்திருந்தது. டிக் காண்டன் முதலியோர் பழக்கிய உதை அது. அம்பு போலப் பறந்து அடுத்தவர் நெஞ்சில் போய் விழும். அதை வைத்துக்கொண்டு 1902, 1903 இரண்டு பட்டங்களையும் காலிங்வுட் வாரிக்கொண்டது. மற்ற கிளப்கள் அதைப் பார்த்துப் பழக முயன்றபோது வோரல் வேறு வழியில் போனார். உயரமான, பலமான ஆட்களைச் சேர்த்தார். நீளமாக உதை, காற்றில் பிடி, உன் இடத்தை விட்டு ஓடாதே, பந்து உன்னைத் தேடி வரும் என்றார். ஒருவரின் சாகசத்தை நம்பாமல், பதினெட்டு பேரும் தத்தம் இடத்தில் நின்றால் எதிரணிக்கு மூச்சு முட்டும் என்பது அவருடைய கணக்கு. தரையோடு தரையாக ஓடிப் பெயர் வாங்கிய குள்ள ரோவர், தான் அமைத்த அணியை மலை போன்ற ஆட்களால் நிரப்பினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். பெரிய வீரர்கள் பயிற்சியாளரானால் தங்களைப் போன்ற ஆட்களையே தேடுவார்கள். வோரல் தன்னைத் தேடவில்லை.

மூன்றாவது, ஒழுங்கு. அன்றைய வீரர்கள் வாரம் முழுவதும் வேலைக்குப் போகிறவர்கள். வேலை முடிந்து, இருட்டுவதற்கு முன் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில்தான் பயிற்சி. ஆட்டம் சனிக்கிழமை பிற்பகல். பயிற்சிக்கு வருவது பெரும்பாலும் விருப்பம்போல் என்றுதான் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் மதுக்கடை என்பது எழுதாத விதி. வோரல் இரண்டிலும் கை வைத்தார். பயிற்சிக்கு வராதவனுக்கு அணியில் இடம் இல்லை. குடியும் கால்பந்தும் சேராது, ஏதாவது ஒன்றை விட்டுவிடுங்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நிறையப் பேர் கால்பந்தை வைத்துக்கொண்டார்கள். சிலர் மனத்துக்குள் புழுங்கினார்கள். அந்தப் புழுக்கம் அப்போது வெளியே வரவில்லை, ஏனென்றால் அணி ஜெயிக்கத் தொடங்கிவிட்டது.

1903இல் மூன்றாம் இடம். 1904இல் பட்டத்தைத் தீர்மானிக்கும் கிராண்ட் ஃபைனல் வரை போய், வோரலின் பழைய கிளப்பான ஃபிட்ஸ்ராயிடம் 24 புள்ளியில் தோல்வி. 1905இல் மீண்டும் மூன்றாம் இடம். 1906இல் மறுபடி ஃபிட்ஸ்ராய், மறுபடி கிராண்ட் ஃபைனல்.

அந்த ஸ்கோரை அப்படியே தருகிறேன்: கார்ல்டன் 15.4 (94), ஃபிட்ஸ்ராய் 6.9 (45). கோலுக்கும் பிஹைண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். 19 முறை இலக்கை நோக்கி உதைத்து, 15 முறை நடுக் கம்பங்களுக்கு இடையே போயிருக்கிறது. பந்து கனமாக, தரை கரடுமுரடாக இருந்த காலம் அது. பெரும்பாலான ஆட்டங்களில் கோல்களைவிடப் பிஹைண்ட்கள் அதிகம் இருக்கும். பக்கத்திலேயே ஃபிட்ஸ்ராயின் 6.9 இருக்கிறது, ஒப்பிட்டுக்கொள்ளலாம். சரியான இடத்தில் ஆள் நின்று, சரியான ஆளிடம் பந்து போய்ச் சேர்ந்தால்தான் இப்படி ஒரு எண் வரும். வோரல் நான்கு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

1907இல் சவுத் மெல்போர்னை 6.14 (50)க்கு 6.9 (45) என்று வென்றார்கள். ஐந்தே புள்ளி வித்தியாசம், இரு பக்கமும் சமமான கோல்கள். 1908இல் பருவம் முழுவதிலும் ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றார்கள். கிராண்ட் ஃபைனலுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள், எஸ்ஸெண்டனை 5.5 (35)க்கு 3.8 (26) என்று மடக்கினார்கள். இது அழகான ஆட்டமாக இருந்திருக்காது என்று ஸ்கோரே சொல்கிறது. தடுத்து, நெரித்து, பிடித்து வைத்துக்கொண்டு வென்ற ஆட்டம். லீக்கில் தொடர்ந்து மூன்று பட்டம் வென்ற முதல் கிளப் கார்ல்டன். ஆறு ஆண்டுகளுக்கு முன் கடைசி வரிசையில் கிடந்த கிளப் அது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1909 பருவத்தின் நடுவிலேயே வோரல் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். வீரர்களில் ஒரு பகுதியினர் அவருக்குக் கீழே இனி ஆட விருப்பமில்லை என்று நின்றார்கள். எலியட் கேப்டனாகவும் பயிற்சியாளராகவும் பொறுப்பேற்றார். வோரல் செயலாளராக மட்டும் நீடித்தார். அந்த ஆண்டும் கார்ல்டன் கிராண்ட் ஃபைனலுக்குப் போய், சவுத் மெல்போர்னிடம் 36க்கு 38 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. பருவம் முடிந்ததும் கிளப்புக்குள் மாற்றம் கேட்ட தரப்பினர் கை ஓங்க, செயலாளர் பதவியும் போயிற்று.

காரணம் என்ன? அவர் கடுமையானவர், வாய் பொல்லாதவர் என்பது வழக்கமான விடை. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கடுமை 1903இலும் இருந்தது. அப்போது யாரும் கலகம் செய்யவில்லை. இடையில் மாறியது பணம். லீக்கின் விதிப்படி அன்றைக்கு வீரர்கள் ஊதியம் வாங்கக் கூடாது. 1911இல்தான் அந்தத் தடையை நீக்கினார்கள். அதுவரை மறைவாகக் கைமாறியது கிளப்புக்குக் கிளப், ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஒரு பக்கம் ஐம்பதாயிரம் பேர் காசு கொடுத்து உள்ளே வருகிறார்கள். மறுபக்கம் அவர்களை வரவழைத்த ஆட்டக்காரன் திங்கட்கிழமை காலை வேலைக்கு ஓடுகிறான். அந்த வசூலின் கணக்கை வைத்திருந்தவர் செயலாளர். அந்த ஆட்டக்காரனைப் பயிற்சியில் விரட்டியவர் பயிற்சியாளர். கார்ல்டனில் இரண்டும் ஒரே மனிதர்!

அங்கேதான் முடிச்சு விழுந்தது என்பது என் கணிப்பு. பயிற்சியாளர் திட்டினால் வீரன் கமிட்டியிடம் போய் முறையிடலாம். செயலாளர் பணம் தரவில்லை என்றால் பயிற்சியாளரிடம் போய்ப் புலம்பலாம். வோரலுக்குக் கீழே எங்கே போனாலும் வோரல்தான் உட்கார்ந்திருந்தார். அதிகாரத்தை ஒரே இடத்தில் குவித்ததால் கார்ல்டன் மேலே வந்தது. குவிந்த அந்த இடத்தின்மேலேயே எல்லாக் குறைகளும் வந்து விழுந்தன. வீரர்களை நன்றி கெட்டவர்கள் என்று எழுதுபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. 1885இல் வசூலில் பங்கு கேட்டு ஆட மறுத்தவர்கள் எந்த நியாயத்தைப் பேசினார்களோ அதையே இவர்களும் பேசினார்கள். அன்று மறுத்தவர்களின் இடத்தில் களமிறங்கியவர் இன்று நிர்வாகத்தின் பக்கம் நின்றார். வீரர்களின் அந்தக் கோரிக்கையை அவர் ஒருநாளும் உள்ளிருந்து உணரவில்லை என்றே தோன்றுகிறது. ஆட்டம் என்பது கடமை, உடம்பைத் தயாராக வைத்திருப்பது மரியாதை என்று நம்பியவர். அந்த நம்பிக்கை பொய்யில்லை. வீரர்களின் கோரிக்கையும் பொய்யில்லை.

அவர் போன பிறகு கார்ல்டன் அமைதியாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1910 இறுதிக் கட்டத்தில் லஞ்சப் புகார் வெடித்தது. ஆட்டத்தைத் தோற்கப் பணம் வாங்க ஒப்புக்கொண்டதாக அலெக்ஸ் லாங், டக் ஃபிரேசர் என்ற இரு கார்ல்டன் வீரர்களுக்குத் தலா 99 ஆட்டங்கள் தடை விதித்தார்கள். ஊதியத்தை மூடி மறைத்து வைத்திருந்த காலத்தின் நாற்றம் அது. மறு ஆண்டே ஊதியத் தடை நீங்கியதற்கு இதுபோன்ற நிகழ்வுகள் தந்த அதிர்ச்சிக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

வோரலை எஸ்ஸெண்டன் அழைத்தது. 1908 கிராண்ட் ஃபைனலில் அவர் மடக்கிய அதே எஸ்ஸெண்டன். அவர் 1911இல் பொறுப்பேற்றார். அந்த ஆண்டின் கிராண்ட் ஃபைனலில், முந்தைய ஆண்டுப் பட்டம் வென்ற காலிங்வுட்டை 5.11 (41)க்கு 4.11 (35) என்று வென்றார்கள். 1912இல் சவுத் மெல்போர்னை 5.17 (47)க்கு 4.9 (33). வந்த இரண்டு ஆண்டும் பட்டம். கார்ல்டனில் வென்றது ஆட்களின் தரத்தால்தான், வோரலால் இல்லை என்று 1909இல் யாராவது சொல்லியிருந்தால் அதற்குக் களத்திலேயே விடை வந்துவிட்டது. நான்கு ஆண்டு காத்திருந்து கட்டவேண்டிய அணியாகக் கார்ல்டன் இருந்தது. எஸ்ஸெண்டனில் நல்ல ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள், அவர்களை ஒழுங்குக்குள் கொண்டுவருவதுதான் வேலை. கப்பலைக் கட்டுவதும் கப்பலை ஓட்டுவதும் வெவ்வேறு திறமைகள். இரண்டும் அவரிடம் இருந்தன.

அதன்பின் எஸ்ஸெண்டனில் பட்டம் வரவில்லை. 1915 வரை இருந்தார். போரின் காரணமாக 1916, 1917 பருவங்களில் கிளப்பே ஆடவில்லை. திரும்ப வந்தபோது வோரலும் வந்து 1920 வரை பயிற்சி கொடுத்தார். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போர் இளைஞர்களைத் தின்றுவிட்ட காலத்தில் யாருக்கும் எளிதாக இருக்கவில்லை.

ஆனால் அவர் தொடங்கிய வழக்கம் மற்ற கிளப்களுக்குப் பரவிவிட்டது. காலிங்வுட் 1912இல் ஜாக் மெக்ஹேலை அமர்த்தியது. அவர் 1949 வரை இருந்து எட்டுப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். கார்ல்டனுக்கே 1914, 1915 பட்டங்களை வாங்கித் தந்த பயிற்சியாளர் யார் என்று பாருங்கள்: நார்மன் கிளார்க், ஸ்டாவெல் ஓட்டக்காரர், வோரலின் மூன்று பட்ட அணியில் ஆடியவர். ஆசானை அனுப்பிய கிளப் சில ஆண்டுகளிலேயே மாணவரை அழைத்துக்கொண்டது.

வீரராகப் பெரியவரா, பயிற்சியாளராகப் பெரியவரா என்று கேட்டால் நான் பயிற்சியாளர் பக்கம்தான் கை தூக்குவேன். அவருக்கு இணையான ரோவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பதவியை உருவாக்கி, இரண்டு கிளப்களில் ஐந்து பட்டம் வென்றவர் வேறு யாரும் அப்போது இல்லை. 1996இல் ஆஸ்திரேலியக் கால்பந்தின் புகழ்க்கூடம் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே அவர் பெயர் இருந்தது, பயிற்சியாளராக.

மூன்றாவது கேள்விக்கு விடை: ஆம், அதே வோரல்தான். 1916இலிருந்து மெல்போர்னின் ‘ஆஸ்திரேலேசியன்’ வார இதழில் கிரிக்கெட்டையும் கால்பந்தையும் பற்றி எழுதினார். இரண்டையும் உச்சத்தில் ஆடியவர், ஒன்றில் பயிற்சியும் கொடுத்தவர் என்பதால் அவர் எழுத்துக்கு மற்றவர்களிடம் இல்லாத எடை இருந்தது. 1932–33இல் டக்ளஸ் ஜார்டினின் இங்கிலாந்து அணி வந்தபோது வோரலுக்கு எழுபது கடந்துவிட்டது. ஆட்டக்காரரின் விலா, தோள், தலை நோக்கிப் பாதி ஆடுகளத்தில் குத்தி எழும் பந்துகளை அவர் பார்த்தார். உடலின் கோட்டில் வீசப்படும் பந்துகள் என்ற பொருளில் அவற்றைக் குறிப்பிட்டார். ‘பாடிலைன்’ என்ற சொல் அந்த வரியிலிருந்துதான் பிறந்தது என்று ஒரு சாரார் சொல்வார்கள். மெல்போர்ன் ‘ஹெரால்டு’ செய்தியாளர் ஹ்யூ பக்கிதான் தந்திச் செலவை மிச்சப்படுத்தச் சொல்லைச் சுருக்கினார் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கருத்து வோரலுடையதாகவும், ஒட்டிய ஒற்றைச் சொல் பக்கியுடையதாகவும் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. தந்தியில் அது சுருங்கியதால்தான் உலகம் சுற்றியது.

சாண்டர்ஸ் பந்தை எறிகிறார் என்று எழுதிக் கிரிக்கெட்டை இழந்த கைதான் முப்பது ஆண்டுகள் கழித்து அந்த வரியையும் எழுதியது. முதல் முறை சொந்த அணிக்காரர்மேல், இரண்டாம் முறை எதிரணிமேல். முதல் முறை அவர் தனியாக நின்றார், இரண்டாம் முறை நாடே அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னது. 1937 நவம்பர் 17இல் மெல்போர்னில் இறக்கும்வரை அந்த இதழுக்கு எழுதிக்கொண்டிருந்தார்.